அக்கா கையில் ஆறு செக்குகள்

20 ஜனவரி 2024
சுரங்க முகாம், அருணாசலப் பிரதேசம்

அன்புள்ள அக்கா முனீஸ்வரிக்கு,

தம்பி வேல்பாண்டி. கம்பத்தில் பஸ் ஏறி ஆறாம் நாள், கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே பல் தேய்க்கிற தண்ணீரைக்கூட அடுப்பில் வைக்க வேண்டியிருக்கிறது. உன் முழங்கால் வலி பரவாயில்லையா? மச்சானுக்குச் சர்க்கரை இறங்கியதா? சினேகா பரீட்சை எழுதிவிட்டாளா?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் நாலு கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். பத்து நாளைக்கு ஒரு முறைதான் முடியும். உன் வீட்டிலோ போன் மச்சான் சட்டைப் பையில் இருக்கிறது. என் வீட்டைக் கட்டுகிற காண்ட்ராக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அந்த வேலையைப் பற்றி நீ என்னிடம் என்ன பேச முடியும்? அவர் உன் புருஷன் வேறு. அதனால் எழுது.

பத்திரம் எழுதாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது. முத்திரைத்தாளைப் பிரித்ததுமே நீ என் கையிலிருந்து பிடுங்கினாய். "ஏலே, அக்கா புருசன்ட்டயா கையெழுத்து வாங்கப் போற? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவுக தலைநிமிந்து நடக்க முடியுமா?" என்றாய். மச்சான் மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

இங்கே கம்பெனியில் அளந்து பார்க்காமல் எந்தச் சப்-காண்ட்ராக்டருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார்கள். அளந்து கொடுத்த பிறகும் கொஞ்சம் பிடித்து வைப்பார்கள். அந்த முறையைத்தான் செக்குகளாக உன் கையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆறு செக், ஒவ்வொன்றும் மூன்று லட்சம். முதல் செக் பூமி பூஜை அன்று. அடுத்தது பேஸ்மட்டம் முடிந்ததும். மூன்றாவது கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் ஓடியதும். நான்காவது தளம் கான்கிரீட் போட்டதும். ஐந்தாவது பூச்சு முடிந்ததும். ஆறாவது சாவி கையில் வந்த பிறகு. நீ நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு செக்கும் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.

ஒன்பது வருஷம் பாறைக்குள் நின்று சேர்த்த பணம், அக்கா. மகாலட்சுமியின் நகை விற்றதும் இதில் இருக்கிறது. அவள் மூன்று வருஷமாக ஆண்டிபட்டியில் அவள் அப்பா வீட்டு ஒற்றை அறையில் இருக்கிறாள். இப்போது மாசமாகவும் இருக்கிறாள். பிள்ளை தவழ்வதற்குள் சொந்தத் தரை வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்காதே.
உன் தம்பி,
வேல்பாண்டி


14 பிப்ரவரி 2024
கம்பம்

அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கன எல்லாரும் சுகம். என் முழங்கால் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறது, மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடுகிறது. மச்சானுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, காபியில் சீனி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நீ குளிரில் காதை மூடிக்கொண்டு திரி.

பூமி பூஜை தை இரண்டாவது வெள்ளியில் நடந்தது. முதல் செக்கைத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுத்தேன். மகாலட்சுமியைக் கூப்பிட்டேன், டாக்டர் பஸ்ஸில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அஸ்திவாரக் குழிக்குள் நானே இறங்கிப் பார்த்தேன். கரிசல் மண் என்பதால் ஆறடி தோண்டச் சொன்னேன். கொத்தனார் ஐந்தடியில் நிறுத்தப் பார்த்தான். "எந்தம்பி வீடு, ஆறடின்னா ஆறடி" என்று குழி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மச்சான் சொல்கிறார், "ஊருக்கெல்லாம் நான் காண்ட்ராக்டரு, எனக்கு மேல ஒரு இஞ்சினியரு வீட்டுக்குள்ளயே சோறு பொங்குது" என்று.

செக் புத்தகம் என் கல்யாணச் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. சாவி என் இடுப்பில். பேஸ்மட்டத்துக்கு இன்னும் இரண்டு வரி கல் பாக்கி என்பதால் முந்தாநாள் அவுக கேட்டும் நான் கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். ராத்திரி தானாகப் பசித்தது.

நீ பயப்படாமல் வேலையைப் பார்.
உன் அக்கா,
முனீஸ்வரி


18 மார்ச் 2024
சுரங்க முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ குழி மேட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்து மெஷின் மேலேயே சிரித்தேன். கூட வேலை பார்க்கிற பீகார்க்காரன் என்னைப் பார்த்துக் கவலைப்பட்டான். எனக்கு உடம்பு சுகம்தான், உள்ளங்கையில் மட்டும் வெடிப்பு.

நேற்று சிக்னல் கிடைக்கிற மலை வளைவுக்கு ஏறிப் போனேன். இரண்டாவது செக் மாறியதாக பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. அப்படியென்றால் பேஸ்மட்டம் முடிந்துவிட்டது. மகாலட்சுமியிடம் சொன்னேன். அவள் எப்போதும்போல, "பத்திரம் எழுதியிருக்கலாம்ல?" என்றாள். எங்கள் அக்காவே பத்திரம்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு உன் மேல் கோபம் எதுவும் இல்லை. பெற்றவர்கள் வீட்டில் ரொம்ப நாள் இருக்கிற பெண்ணுக்கு எல்லார் மேலும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடுகிறது.

நிலை வைக்கிற அன்று வேப்பங்கொத்தும் நவதானியமும் கட்டி ஒரு போட்டோ எடுத்து மச்சான் போனிலிருந்து சினேகாவை அனுப்பச் சொல். மச்சானுக்கு என் வணக்கம். கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம் என்று சொல், சர்க்கரைக்காரர்.

உன் தம்பி,
வேல்பாண்டி


16 மே 2024
கம்பம்

அன்புத் தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கன வெயில் மண்டையைப் பிளக்கிறது. எல்லாரும் சுகம். உன் கை வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவு.

நிலை வைத்தாகிவிட்டது. தேக்கு நிலை, உன் மச்சான் பெரியகுளம் போய் எடுத்து வந்தார். போட்டோ சினேகா அனுப்பியிருப்பாள். அதற்குப் பிறகு லிண்டலும் முடிந்துவிட்டது. மூன்றாவது செக்கைக் கொடுத்துவிட்டேன்.

மச்சானுக்குத்தான் நேரம் சரியில்லை. குமுளியில் ஒரு லாட்ஜ் கட்டிக் கொடுத்தாரே, அந்த முதலாளி கடைசிப் பணம் எட்டு லட்சத்தை நிறுத்திவிட்டான். அங்கேயும் எழுத்து எதுவும் இல்லை. போனால், "நாளை வரூ சேட்டா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறானாம். சிமெண்டுக் கடைக்காரர் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவுக ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

சின்னமனூரிலிருந்து சினேகாவைப் பார்க்க ஒரு இடம் வந்தது. பையன் பேர் அஜய்குமார், கூட்டுறவு சொசைட்டியில் வேலை. வெறும் பேச்சுதான், ஒன்றும் முடிவாகவில்லை.

மகாலட்சுமிக்கு நாள் நெருங்குகிறது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா,
முனீஸ்வரி


18 ஜூன் 2024
சுரங்க முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. ஜூன் ஐந்தாம் தேதி. தாயும் பிள்ளையும் சுகம். செய்தியைக் கேட்க வளைவுக்கு மழையில் நனைந்துகொண்டே ஏறினேன், இப்போது காய்ச்சல், ஆனால் சந்தோஷக் காய்ச்சல். நீ அத்தை ஆகிவிட்டாய். சினேகாவின் கல்யாணப் பேச்சு எதுவரை வந்தது? தேதி வைப்பதற்கு முன்னால் எழுது. சுரங்கத்தில் லீவு கேட்க ஒரு மாதமாவது வேண்டும். மாமன் இல்லாமல் அவள் மணமேடை ஏறக் கூடாது.

அதே நாள் இன்னொரு மெசேஜும் வந்திருந்தது. மே இருபத்தேழில் நான்காவது செக் மாறியிருக்கிறது. நீ லிண்டல் முடிந்ததென்று எழுதியது மே பதினாறு. பதினோரு நாளில் செங்கல் ஏற்றி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளமும் போட்டுவிட்டார்களா? நானும் கான்கிரீட்டுக்குள்தான் பிழைக்கிறேன், அக்கா. அது நடக்கிற காரியமா?

தளம் போட்டாயிற்றா, இல்லையா? சினேகா அனுப்பியது நிலை போட்டோ ஒன்றுதான். அதற்குப் பின்னால் சுவர் ஏன் இடுப்பளவு தெரிகிறது? எடுத்த கோணம் அப்படியா?

செக் தெரியாமல் வெளியே போயிருந்தால் சொல், பேங்கில் சொல்லி நிறுத்துகிறேன். மகாலட்சுமி இப்போதே நிறுத்தச் சொல்கிறாள். அக்கா கையில் இருக்கிற செக்கை நிறுத்தினால் அக்காவைத் திருடி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உடனே பதில் எழுது.

வேல்பாண்டி


25 ஜூலை 2024
கம்பம்

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே ஆகுக. மருமகள் பிறந்த சேதி கேட்டுத் தெருவுக்கே சீனி கொடுத்தேன். அத்தை முறைக்கு அரைப் பவுனில் கால் கொலுசு... இல்லை, கொலுசு வெள்ளியில்தான் போட வேண்டும், பொன்னைக் காலில் போடக் கூடாது. காப்பு எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் வேலை ஒழியட்டும், ஆண்டிபட்டிக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். யார் சாயல்? மூக்கு மகாலட்சுமியுடையதாக இருக்கட்டும், உன் மூக்கு வேண்டாம்.

அணை திறந்துவிட்டார்கள், முதல் போகத்துக்கு நாற்று நட்டாயிற்று. பன்னீர்த் திராட்சை இந்த முறை விலை போகவில்லை. சினேகா தையல் வகுப்புக்குப் போகிறாள். உன் காய்ச்சல் விட்டதா? கஷாயம் வைத்துக் குடி.

வீட்டு வேலை நடக்கிறது. கம்பி விலை ஏறப் போகிறது என்று முன்கூட்டியே வாங்கிப் போட்டார்கள்.

இப்போது லீவு போட்டு அலைய வேண்டாம். மழையில் பாதையெல்லாம் சரிந்து கிடக்கிறது என்று டிவியில் காட்டுகிறார்கள். தைக்கு வா, சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.

அக்கா


28 செப்டம்பர் 2024
சுரங்க முகாம்

அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. நீ சுகமா என்று கேட்கவும் இன்று மனம் வரவில்லை.

ஆகஸ்ட் இருபத்தாறில் ஐந்தாவது செக்கும் மாறியது. பூச்சு முடிந்த பிறகு கொடுக்க வேண்டிய செக். போன வாரம் மகாலட்சுமி மூன்று மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறிக் கம்பம் போனாள். நம் இடத்தில் சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. லிண்டலே இல்லை. நீ எழுதினாயே, முடிந்தது என்று, அந்த லிண்டல் கிடையாது. தேக்கு நிலை இரண்டு மூங்கிலின் முட்டில் தனியாக நிற்கிறதாம். ஹால் வர வேண்டிய இடத்தில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள். கம்பி ஒரு துண்டுகூட இல்லை.

அவள் அழவில்லை. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது ஒரு பிளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். மழையில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. சினேகா, அஜய்குமார். ஆவணி இருபது, வியாழக்கிழமை. கீழே வட்டத்துக்குள் கும்பிட்டபடி என் படம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். "அனைவரையும் அன்புடன் வரவேற்கும் தாய்மாமன் வேல்பாண்டி." பிளெக்ஸ் எனக்குப் பதிலாக எல்லாரையும் வரவேற்றிருக்கிறது. அவள் பார்த்த அன்றைக்கே கல்யாணம் முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தீர்கள். வலிக்காமல் இருக்க வாயில் நான்தான் வெல்லம் வைத்தேன். தேதி வைக்கும் முன் எழுது என்று கேட்டிருந்தேன். தைக்கு வா, பாதை சரிந்து கிடக்கிறது என்று எழுதினாய். பாதையில் ஒரு கல்கூடச் சரியவில்லை. நான் வந்தால் ஆட்டைக் கட்டிய என் ஹாலைப் பார்த்துவிடுவேன், அதுதானே?

ஆறாவது செக்கை பேங்கில் சொல்லி நிறுத்திவிட்டேன். ஜூனிலேயே மகாலட்சுமி சொன்னபடி செய்திருந்தால் இன்னொரு மூன்று லட்சமாவது மிஞ்சியிருக்கும். அவளுக்கு முகம் கொடுத்துப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று எழுது. முழுவதும் எழுது.

வேல்பாண்டி


15 அக்டோபர் 2024
கம்பம்

தம்பிக்கு,

நீ நல்லாயிருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

முழுவதும் கேட்டாய். மூன்றாவது செக் குமுளிக் கட்டடத்தின் சிமெண்டுக் கடனுக்குப் போனது. அந்த லாட்ஜ் முதலாளி பணம் கொடுத்துவிட்டால் பத்து நாளில் உன் லிண்டலை ஓட்டிவிடலாம் என்று அவுக சொன்னார். நானும் முடிந்துவிட்டதாக எழுதினேன். எழுதிய பிறகு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் கொடுக்கவில்லை.

நான்காவதும் ஐந்தாவதும் சினேகா கழுத்திலும் மண்டபத்திலும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து பவுன் கேட்டார்கள். எங்களிடம் நாலு இருந்தது. பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு முடியப் போகிறது, இதற்கு முன் இரண்டு இடம் நகையால் தட்டிப் போனது. பையன் நல்லவன், சம்பளக்காரன். அவுக, "வேலுட்ட கடனாத்தான வாங்குறோம், ஓடியா போயிடுவோம்?" என்றார். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவுக பிடுங்கவில்லை. நான்தான் திறந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

தேதியைச் சொல்லாதது தப்பு. நீ கணக்கிட்டதுபோல, நீ வந்தால் பார்த்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. தாலி கட்டும்போது உன்னை நினைத்தேன். நினைத்து என்ன.

குமுளிப் பணம் வந்ததும் முதல் ரூபாய் உனக்குத்தான்.

முனீஸ்வரி


20 நவம்பர் 2024
ஆண்டிபட்டி

அக்காவுக்கு,

கம்பத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் அறுபது கிலோமீட்டர்தான் இருக்கிறது. இருந்தும் தபாலில்தான் எழுத வேண்டியிருக்கிறது. பத்து நாளாக லீவில் இருக்கிறேன். உன் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினேன். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, கதவு திறக்கவில்லை.

முதலில் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. பொறுமையாகத்தான் கேட்டார். "அக்ரிமெண்ட் இருக்கா?" இல்லை. "செக்குல கையெழுத்து யாருது?" என்னுடையது. "வேலை முடிஞ்சுச்சுன்னு யாராவது எழுதிக் குடுத்தாகளா?" ஆமாம், என் அக்கா, மே பதினாறாம் தேதி. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இது உனக்கு எதிராத்தாம்ப்பா இருக்கு. சொந்தத்துக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்றார்.

சரி என்று சொந்தத்துக்குள் பேசினேன். பெரியவர்கள் ஏழு பேர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். மச்சான் வந்தார். கையில் ஒரு நோட்டு. பணத்தைப் பற்றி நான் சொல்லி முடிக்கும் வரை தலையைக் குனிந்தபடியே இருந்தார். பிறகு நோட்டைப் பெரியவர் முன்னால் விரித்து வைத்தார். சினேகா கல்யாண மொய் நோட்டு. முதல் பக்கம், மஞ்சள் தடவிய பக்கம், முதல் வரி: "தாய்மாமன் வேல்பாண்டி, சீர், ரூபாய் ஆறு லட்சம்."

"மைக்குல சொன்னதை நாங்க எல்லாம் கேட்டோமேப்பா" என்றார் ஒருவர். "கை தட்டுனோம். கம்பத்துல எவன் செஞ்சான் இப்பிடி ஒரு சீரு, தம்பின்னா அவந்தான் தம்பின்னு பேசிக்கிட்டோம்." இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "போட்ட சீரைத் திருப்பிக் கேக்குற மாமனை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

உன் அக்டோபர் கடிதத்தையும் காட்டினேன், "கல்யாணத்துக்குத்தான் போச்சுன்னு அவளே எழுதியிருக்காளே, அப்ப அது சீர்தானப்பா" என்றார்கள். பத்திரம் இல்லை, ரசீது இல்லை. என் பணத்துக்கென்று அவர்கள் ஒப்புக்கொள்கிற எழுத்து அந்த மொய் நோட்டு வரி ஒன்றுதான். அதுவும் நான் மனமுவந்து கொடுத்ததாக இருக்கிறது. மச்சானுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கையால் ஒரு வரி எழுதிக் கொடு. "நான்காவது, ஐந்தாவது செக்குகளை வேலை நடக்காமலே நான் எடுத்துக் கொடுத்தேன், அது சீர் இல்லை." இவ்வளவுதான். அதை வைத்து நான் ஜெயிலுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். பெரியவர்கள் முன்னால் வைத்தால் தவணையிலாவது வாங்கிக் கொடுப்பார்கள். என் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது, அக்கா. அவள் தாத்தா வீட்டு அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முட்டிக்கொள்கிறது.

டிசம்பர் பத்து வரை இங்கே இருப்பேன்.

வேல்பாண்டி


12 டிசம்பர் 2024
கம்பம்

தம்பிக்கு,

நீ கிளம்பியிருப்பாய் என்று தெரிந்துதான் இன்று எழுதுகிறேன். முகாம் விலாசத்துக்கே அனுப்புகிறேன். குழந்தைக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், ஓமம் வறுத்துத் துணியில் கட்டி முகரக் கொடுக்கச் சொல்.

மச்சானுக்கு மூளை என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு அவ்வளவு மூளை கிடையாது. இருந்திருந்தால் குமுளியில் ஏமாந்திருக்க மாட்டார். மைக்கில் உன் பேரைச் சொல்லச் சொன்னது அவர் இல்லை. நான்.

முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியம்மா மேடையில் வந்து நின்று, "தாய்மாமன் எங்க? தட்டு எங்க? அண்ணந்தம்பி இல்லாத வீடா இது?" என்று சத்தமாகக் கேட்டாள். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ பையைக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். சினேகா என்னைப் பார்த்தாள். மொய் எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமன் சீர் என்னன்னு போடட்டும்க்கா? முதல் வரி மாமனுக்குத்தான்" என்றார். சொன்னேன். என் வாயிலிருந்து ஆறு லட்சம் என்று வந்தது. நகையும் மண்டபமும் உன் பணம்தானே, பொய் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷம் தோன்றியது. மைக்கில் சொன்னதும் மண்டபமே கை தட்டியது. பெரியம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் என்று எல்லாரும் நினைத்தார்கள். சந்தோஷம்தான், தம்பி. அதையும் மறைக்க மாட்டேன்.

நோட்டைப் பெரியவர்கள் முன் கொண்டு போகச் சொன்னதும் நான்தான்.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். எழுத முடியாது என்று பொய் சொல்லவில்லை. முடியும், மாட்டேன். அந்த வரி நாளைக்குச் சின்னமனூர் போய்ச் சேரும். திருட்டு நகை போட்டு வந்தவள் என்று என் பிள்ளையைக் காலம் முழுக்கச் சொல்வார்கள். உன் பிள்ளைக்குத் தரை இல்லை, தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடிகிறது. நான் பெற்றதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆறாவது செக்கை இதோடு வைத்திருக்கிறேன்.

முனீஸ்வரி


9 பிப்ரவரி 2025
சுரங்க முகாம்

முனீஸ்வரி அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. செக் வந்தது. செல்லாத செக், கிழித்து அடுப்பில் போட்டேன்.

வைகுண்டராஜ் என்று உத்தமபாளையத்துக் கொத்தனார் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். எந்தச் சொந்தமும் இல்லை. பத்திரம் என்று சொன்னதும் அவர் கோபப்படவில்லை, "எத்தனை பக்கம்?" என்று கேட்டார். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. மிச்சம் இருந்த மூன்று லட்சத்துக்கு ஒரு ஹாலும் அடுப்படியும், மேலே தகர ஷீட். கான்கிரீட் தளத்துக்குப் பணம் இல்லை. மகாலட்சுமி வாரம் ஒரு முறை பிள்ளையோடு போய் டேப் வைத்து அளக்கிறாள். அளந்த பிறகுதான் பணம்.

பெரியவர்களுக்கும் எழுதிவிட்டேன். அது சீர்தான், ஆறு லட்சமும் சீர்தான், நான்தான் ஆத்திரத்தில் மாற்றிப் பேசிவிட்டேன் என்று. உங்கள் மகள் சின்னமனூரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். அவளுக்காக எழுதினேன், உங்களுக்காக இல்லை. வெல்லம் தின்ற வாய் அது.

ஆனால் சீர் என்று ஆன பிறகு அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தம்பி அக்காவுக்கு எவ்வளவு செய்வான்? பொங்கலுக்கு ஒரு சேலை, விசேஷத்துக்கு ஒரு தட்டு, கடைசியில் பிறந்த வீட்டுக் கோடி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஆறு லட்சம் வராது. ஆகவே எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண் மூடும் அன்று மேலே போட என் வீட்டிலிருந்து வர வேண்டிய சேலை வரைக்கும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

வே. வேல்பாண்டி


20 ஏப்ரல் 2025
கம்பம்

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இரண்டு மாதம் எழுதவில்லை.

ஷீட் போட்ட வீட்டில் பால் காய்ச்சியதாகக் கேள்விப்பட்டேன். வெயிலுக்கு ஷீட் அனலாக இருக்கும், மேலே தென்னங்கீற்று பரப்பச் சொல். பிள்ளை எழுந்து நிற்கிறதாமே. சுகமாக இருக்கட்டும்.

கோடி வேண்டாம். நீ எழுதியது நியாயம்தான். நான் அதற்காக எழுதவில்லை.

சினேகா ஆறு மாசமாக இருக்கிறாள். வைகாசியில் வளைகாப்பு வைக்க வேண்டும். நேற்று அவள் மாமியாரும் அந்தப் பெரியம்மாவும் பேச வந்தார்கள். காபி கொடுத்தேன். நீ எங்கே இருக்கிறாய், என்ன சம்பளம் என்றெல்லாம் அன்பாக விசாரித்தார்கள். கிளம்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கல்யாணத்துக்கே ஆறு லட்சம் போட்ட மாமனாச்சே. வளைகாப்புக்கு என்ன கொண்டு வருவாரு? தெரிஞ்சா நாங்களும் அதுக்குத் தக்கன மண்டபம் பிடிப்போம்."

சினேகா பக்கத்தில்தான் நின்றாள். உன்னிடம் எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பியிருக்கிறேன். சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவார்கள்.

அக்கா,
முனீஸ்வரி